உறங்கும் படகுக்கு ஒரு காவல்

1982ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 8ஆம் நாள் இரவு. மெக்சிக்கோ நாட்டின் மேற்கே, காபோ சான் லூக்காஸ் என்னும் கடற்கரையூரின் முன்பாகப் பல நாட்டுப் பாய்ப்படகுகள் நங்கூரமிட்டு நின்றன. அந்தப் பருவத்திற் புயல் வருமென எவரும் எதிர்பார்த்திலர். தென்கிழக்கினின்றும் எழுந்த காற்றோ கடலிலிருந்து நேரே கரையை நோக்கி வீசிற்று. நெருங்கி நின்ற படகுகளுள் ஒன்றன் நங்கூரம் பெயர, அது அடுத்ததன் மீது மோதி அதனையும் இழுத்துச் சென்றது. பொழுது புலர்ந்தபோது இருபதுக்கும் மேற்பட்ட படகுகள் மணலிற் கிடந்தன.

அவற்றுள் ஒன்று 'யோசுவா'. பிரெஞ்சு மாலுமி பேணார் மொய்த்தெசியே என்பவர் 1968இல் இங்கிலாந்திற் புறப்பட்டு, எத்துறையிலும் தங்காது, தன்னந்தனியராய் உலகை ஏறத்தாழ ஒன்றரை முறை சுற்றி, 1969இல் தாகித்தித் தீவை அடைந்தது இந்த எஃகுப் படகிலேதான். தென்கடலின் மலைபோன்ற அலைகள் செய்யமாட்டாததைக் கரையோரத்தின் ஓரிரவு செய்துவிட்டது. பின்னாளில் வேறொருவர் கையிற் செப்பனிடப்பெற்ற யோசுவா, பிரான்சின் லா றொஷெல் நகரக் கடல்சார் அரும்பொருட் சாலையைச் சேர்ந்தது. மொய்த்தெசியேக்கோ அவர் வீடும் உடைமையுமாயிருந்த கலம் அவ்விரவோடு போயிற்று.

நெடும்பயணஞ் செய்யும் படகு தன் வாழ்நாளிற் பெரும்பகுதியை ஓடிக் கழிப்பதில்லை. நங்கூரத்தில் நின்றே கழிக்கின்றது. தந்தையும் தாயும் குழந்தைகளும் உள்ளே உறங்கும் வேளையில் விழித்திருக்கும் காவலாளி அந்த இரும்புத் துண்டு ஒன்றே. அதனைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம் என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

பாரமா, பிடியா?

இதுபற்றி வகுப்பிற் பேசியபோது மாணாக்கர் ஒருவர் எம்மை வினவினார்: "ஐயா, பாரமான இரும்பு எதுவாயினும் போதாதா?" நல்ல வினா. ஆதி மனிதனும் அவ்வாறே எண்ணினான். துளையிட்ட கல்லைக் கயிற்றிற் கட்டிக் கடலில் இறக்கினான். எமது காலித் துறைமுகத்தின் அடியிலிருந்தும் அத்தகைய பழங்காலக் கல் நங்கூரங்கள் எடுக்கப்பட்டுள்ளன. ஆனால் கல்லின் பாரம் நீருக்குள் குறைந்துவிடும். இழுத்தால் அது தரையில் உருளும். படகை நிறுத்துவது பாரமன்று, பிடி. தரைக்குள் புதைந்து, மணலையோ சேற்றையோ கட்டியாகப் பற்றிக்கொள்ளும் நங்கூரமே நின்று பிடிக்கும்.

இந்த உண்மையைக் கணக்கிட்டுப் பயன்கொண்டவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பௌதிக அறிஞர் ஜி. ஐ. ரெயிலர் (1886-1975). தர்க்கத்தைக் கணிதமாக்கிய ஜோர்ஜ் பூலின் பேரர் இவர், பாய்ப்படகோட்டுவதிற் பெருவிருப்பினர். 1927இல் தம் மனைவியாருடன் நோர்வேயின் வடக்கேயுள்ள லொபோட்டன் தீவுகள் வரை பயணஞ் செய்தவர். பழைய நங்கூரத்தைத் தூக்கி இறக்கும் தொல்லை அவரைச் சிந்திக்கத் தூண்டியது. உழவனின் ஏர்க்கொழுவைப் போன்று, இழுக்க இழுக்க ஆழப் புதையும் இலேசான நங்கூரமொன்றை 1933இல் அமைத்தார். 'சீ-கியூ-ஆர்' என்பது அதன் பெயர். அவ்வெழுத்துகளை விரைந்து சொன்னால் 'காப்பானது' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் ஒலி பிறக்கும்.

தரைக்கேற்ற நங்கூரம்

எல்லாத் தரைக்கும் ஏற்ற நங்கூரம் ஒன்று இல்லை. ஆகவே ஆழத்தை மட்டுமன்றி அடித்தரையையும் மாலுமி அறிதல் வேண்டும்.

இரண்டு கூரிய நகங்களும் குறுக்குத்தடியும் கொண்ட பழைய நங்கூரம், பாறைப் பிளவிலும் அடர்ந்த கடற்பூண்டிலும் நன்கு மாட்டிக்கொள்ளும். ஆயினும் அதன் ஒரு நகம் மேல்நோக்கி நிற்பதால், படகு சுற்றும்போது சங்கிலி அதிற் சிக்குவதுண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் கரையிறங்கு கலங்களுக்குப் பயன்பட்ட டான்போர்த் நங்கூரம் அகன்ற இரு தட்டையான அலகுகளை உடையது. மணலிலும் மென்சேற்றிலும் அதன் பிடி மிகுதி. ஆனால் காற்றுத் திசைமாறிப் பிடுங்கப்படின், மீண்டும் பதியாது வழுக்கிச் செல்லக்கூடும். ரெயிலரின் கொழு நங்கூரமோ படகோடு திரும்பும் இயல்பினது. எனினும் இறுகிய மணலிற் சிலவேளை பக்கமாகச் சாய்ந்து கிடந்துவிடும்.

இக்குறைகளை நீக்கவே பிற்காலத்தார் முயன்றனர். பிரான்சிற் பிறந்த 'ஸ்பேட்', நியூசிலாந்தின் பீற்றர் சிமித் அமைத்த 'றொக்னா' ஆகியவை, மண்வெட்டியின் உட்குழிவு போன்ற ஒற்றை அலகும் கூரிய முனையும் உடையன. முன்னையதில் முனைக்கு இட்ட பாரமும், பின்னையதில் மேலே வளைந்த வளையமும் அதனைச் சரியான நிலைக்குத் திருப்பிவிடும். இன்று நெடும்பயணிகள் பலர் இவ்வகையையே முதல் நங்கூரமாகக் கொள்கின்றனர். அதனோடு வேறுவகை நங்கூரம் ஒன்றையும் துணையாக வைத்திருத்தல் அறிவுடைமை. வடிவம் ஒத்திருப்பதனால் வலிமை ஒத்திருக்குமென நம்பி மலிவான போலிகளை வாங்கலாகாது. தண்டின் எஃகு தாழ்ந்ததாயின், வேண்டிய வேளையில் அது வளைந்துவிடும்.

சங்கிலியின் கணக்கு

சிறந்த நங்கூரமும் குறுகிய சங்கிலியிற் பயனற்றதாகும். இழுவிசை தரையோடொட்டிச் செல்லும்வரை நங்கூரம் ஆழப் புதையும். மேல்நோக்கி இழுத்தால் பெயர்ந்து வரும். மாலுமி அதனை மீட்டெடுப்பதும் இவ்வாறே. படகை அதன் நேர் மேலே கொணர்ந்து நிமிர்த்தி இழுக்கிறான்.

மாணாக்கர் இதனைக் கணித்துப் பார்க்கலாம். நீரின் ஆழம் 5 மீற்றர்; படகின் முன்னணியம் நீர்மட்டத்திற்கு மேல் 1 மீற்றர்; வற்றுப்பெருக்கால் நீர் இன்னும் 1 மீற்றர் உயருமெனக் கொள்வோம். கூட்டுத்தொகை 7 மீற்றர். சங்கிலியாயின் இதன் ஐந்து மடங்கு, அதாவது 35 மீற்றர் விடுவது வழக்கம். பெரும்பாலும் கயிறாயின் ஏழு மடங்கு, 49 மீற்றர். வெறும் ஆழத்தை மட்டும் பெருக்கி 25 மீற்றர் விட்டவன், தன் கணக்குப் பிழையை நள்ளிரவிற் காண்பான். ஐந்து மடங்கு விட்ட சங்கிலி விறைத்து நேராயினும் தரையோடு ஏறத்தாழப் பதினொன்றரைப் பாகைக் கோணமே அமைக்கும். இரு மடங்காயின் அது முப்பது பாகையாகிவிடும்.

காற்றின் விசையோ வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. 15 நொட் காற்று 30 ஆனால் விசை இரட்டிப்பதன்று, நான்கு மடங்காகும். 45 ஆனால் ஒன்பது மடங்கு. மாலையில் நின்ற நங்கூரம் இரவிலும் நிற்குமென்று எண்ணுவோர் மறப்பது இதனையே. ஆதலின் விற்பனையாளர் அட்டவணை காட்டும் அளவினும் ஒருபடி பெரியதை வாங்குதல் நன்று. சங்கிலி நாகம் பூசியதாயிருத்தல் வேண்டும். இணைக்கும் வளையத்தின் ஆணியைக் கம்பியாற் கட்டிவைத்தல் வேண்டும். சங்கிலிக்கும் படகுக்குமிடையே ஒரு நீளம் நைலோன் கயிறு இருப்பின், அது நீண்டு சுருங்கி அலையின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும்.

சோதித்தபின் உறங்குக

நங்கூரத்தை இட்டுவிட்டேன் என்று திருப்தியுறுவது போதாது. படகைப் பின்னோக்கி மெல்ல ஓட்டி, சங்கிலி இறுகி, நங்கூரம் புதைவதை உணர்தல் வேண்டும். பின்னர் கரையில் ஒரு பனையையும் அதன் பின்னே ஒரு வீட்டையும் குறித்துக்கொள்க. அவ்விரண்டும் ஒரே நேர்கோட்டில் நின்றால் படகு நகரவில்லை. செய்மதியின் துணையால் அபாயமணி எழுப்பும் கருவிகள் இன்று உண்டு. எனினும் கண்ணும் கணக்கும் அவற்றுக்கு மூத்தவை. பவளப்பாறை மீது நங்கூரமிடுதல் பாறைக்கும் கேடு, சங்கிலிக்கும் கேடு. இடையிலுள்ள மணற்பரப்பைத் தேடுக.

ஆழமறியாமற் காலை விடாதே என்பது நம் முன்னோர் மொழி. நங்கூரத்தை விடுவோர்க்கு ஆழத்தோடு தரையும் காற்றும் தெரிதல் வேண்டும். காபோ சான் லூக்காஸில் நின்றவர்கள் அனுபவமற்றவர்கள் அல்லர். அவர்களுள் ஒருவர் பெருங்கடலையே வென்றவர். கடல் அமைதியாயிருக்கும் மாலைப்பொழுதே அடுத்த நாட் காற்றை நினைத்துப் பார்க்கவேண்டிய பொழுது என்பதை அந்த ஓரிரவு அவர்களுக்கு உணர்த்தியது.