தண்ணீர் காத்த கோட்டை

மேட்டு வயல்காரர் வரப்பை வெட்டிவிட்டால் பள்ளத்து வயல் மூழ்கும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு நகரமே நெடுங்காலம் மேட்டு வயல்காரராக இருந்த கதையை இன்று பார்ப்போம்.

நெதர்லாந்து நாட்டின் தென்பகுதியில் டென் பாஸ் என்று ஒரு ஊர். டோமல், ஆ என்ற இரண்டு சிற்றாறுகள் இங்கே கூடி, மாஸ் என்னும் பெரிய ஆற்றுக்குப் போகின்றன. ஊர் இருப்பது மணல் மேட்டில்; சுற்றிலும் சதுப்பு. மதில் இருந்தாலும், உண்மையான காவல்காரன் அந்தச் சேறும் தண்ணீரும்தான். பீரங்கியைக் கொண்டுவந்து எங்கே நிறுத்துவது, சொல்லுங்கள்?

அப்போது ஊர் ஸ்பெயின் அரசர் வசம் இருந்தது. 1601-லும் 1603-லும் முற்றுகையிட்ட டச்சுப் படை வெறுங்கையோடு திரும்பிப் போச்சு. 1629-ல் வந்த தளபதி பிரெடெரிக் ஹென்ட்ரிக் மண்வெட்டியை நம்பினார். சுமார் 40 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரை போட்டு ஊரை வளைத்தார். இரண்டு ஆறுகளையும் மறித்துத் திருப்பிவிட்டார். உள்ளே தேங்கிய தண்ணீரை, குதிரை பூட்டிய இறவை எந்திரங்களை வைத்து இறைத்தார். ஏரியை வற்றவைத்து விளைநிலமாக்குவதில் பேர்போன லேக்வாட்டர் என்பவர் இதற்குத் துணை நின்றார். செப்டம்பர் 14-ந் தேதி ஊர் பணிந்தது.

சரி, சுற்றுப்புறத்துச் சம்சாரி கதி என்ன? மாஸ் ஆற்றில் பேர்ஸ் என்ற இடத்தில் கரையைத் தாழ்வாகவே விட்டிருந்தார்கள். குளிர்கால வெள்ளம் அதன் வழியே வழிந்து, வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் மூடி, டென் பாஸ் வரை வந்து நிற்கும். கோட்டைக்கு அது காவல், உழவருக்கோ கண்ணீர். கோட்டை என்ற நிலை போன பிறகும் இது தொடர்ந்தது. ஆற்றின் வளைவுகளை வெட்டி நேராக்கியபின், 1942-ல்தான் அந்த வழியை அடைத்தார்கள்.

தண்ணீரே போக்குவரத்துக்கும் வழியாச்சு. இங்கிருந்து மாஸ்ட்ரிக்ட் நகருக்குச் சுமார் 120 கிலோமீட்டர் கால்வாயை 1822 முதல் 1826 வரை வெட்டினார்கள். 1868-ல் ரயில் வந்தது. பெரிய சரக்குப் படகுகள் ஊருக்குள் நுழையாமல் போக, 2014-ல் புறவழிக் கால்வாய் திறந்தார்கள். ஊருக்குள் வீடுகளுக்கு அடியிலேயே ஓடும் பழைய வாய்க்கால் சாக்கடையாக நாறியது. 1960-களில் அதைத் தூர்த்துவிடவே திட்டம் போட்டார்கள். பிறகு மனம் மாறிச் சீர்ப்படுத்தினார்கள். இன்று அதில் மக்கள் படகில் போய் வருகிறார்கள்.

ஆனாலும் 1995-ல் வெள்ளம் வந்தது. ஊருக்குத் தெற்கே தாழ்ந்த நிலத்தில் புகுந்து, பெரிய நெடுஞ்சாலையையே மூழ்கடித்தது. அதன்பிறகுதான் வெள்ளம் தங்குவதற்கென்றே ஊருக்கு வெளியே இடம் ஒதுக்கும் வேலை நடந்தது. பழைய மதில் இன்று எதிரியை அல்ல, வெள்ளத்தைத் தடுக்கிறது.

வெள்ளம் எங்காவது தங்கித்தான் தீரும். யார் நிலத்தில், எவ்வளவு நாள், நஷ்டத்துக்கு யார் பொறுப்பு? இதையெல்லாம் வானம் வெளுத்திருக்கும்போதே கூடிப் பேசி முடிவு செய்துவிட வேண்டும். வெள்ளம் வந்த பிறகு பேசினால், பள்ளத்து வயல்காரர் பேச்சு எடுபடாது.