கையெழுத்து போட்டாச்சு, அப்புறம்?

ஆவணப்படம் எடுக்குறவங்க, அதுல வர்ற மனுஷங்களுக்கு என்ன கடமைப்பட்டிருக்காங்க? இன்னைக்கு எபிசோட் இதைப் பத்திதான்.

'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். முதுமலை தெப்பக்காடு முகாம்ல ரகுங்கிற யானைக்குட்டியை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியோட கதை. கார்த்திகி கோன்சால்வ்ஸ் இயக்கிய அந்தப் படம் 2023 மார்ச்ல ஆஸ்கர் வாங்குச்சு. தமிழக அரசு தம்பதிக்குத் தலா 1 லட்சமும் இயக்குநருக்கு 1 கோடியும் அறிவிச்சது.

அதே வருஷம் ஆகஸ்ட்ல, கல்யாணக் காட்சிக்குத் தாங்க செலவு பண்ணின காசு திரும்பி வரல, சொன்ன உதவியும் கிடைக்கலன்னு தம்பதி பேட்டி கொடுத்தாங்க. 2 கோடி ரூபாய் கேட்டு அவங்க பேர்ல வக்கீல் நோட்டீஸும் போச்சு. படக்குழு எல்லாத்தையும் மறுத்தது. யார் பக்கம் நியாயம்னு நான் தீர்ப்பு சொல்லப்போறதில்ல. ஆனா ஒண்ணு தெளிவா தெரியுது: படம் ஜெயிச்சா யாருக்கு என்னன்னு ரெண்டு தரப்பும் ஒரே மாதிரி புரிஞ்சுக்கல.

ஷூட்டிங்குக்கு முன்னாடி வாங்குற ஒப்புதல் படிவம், நம்ம ஆப்ல வர்ற 'ஐ அக்ரீ' பட்டன் மாதிரி. எழுதினவங்களைக் காப்பாத்தத்தான் அது எழுதப்படுது. ஆப்ல பெரிய மாற்றம் வந்தா மறுபடி அனுமதி கேப்போம். படம் உள்ளூர்ல இருந்து ஆஸ்கர் மேடைக்குப் போனா யாரும் மறுபடி கேக்குறதில்ல.

காசு மட்டும்தான் பிரச்சனைன்னும் நினைக்காதீங்க. 'ரைட்டிங் வித் ஃபயர்' 2022 ஆஸ்கர் போட்டியில இருந்தப்போ, அதுல வர்ற 'கபர் லஹரியா' பத்திரிகையே, எங்களை முழுசா காட்டலன்னு அறிக்கை விட்டது. கேமராவுக்குப் பழகின பத்திரிகையாளர்களுக்கே இந்த நிலைமை.

இப்போ நம்ம காஞ்சிபுரத்துக்கு வருவோம். கோர்வைச் சேலையில உடலும் கரையும் தனித்தனி நாடாவுல ஓடும். அதனால நெசவாளர் கூட இன்னொருத்தரும் தறியில உக்காரணும். கூலி சேலைக் கணக்குல வரும். 'ஒரே ஒரு நாள் ஷூட்தாண்ணே'ன்னு நாம சொல்றப்போ, ரெண்டு பேரோட ஒரு நாள் வேலை நிக்குது.

காசு கொடுத்தா உண்மை கெட்டுடும்னு சிலர் சொல்வாங்க. இப்படிப் பேசுங்கன்னு காசு கொடுத்தா கெடும், சரி. நின்னுபோன வேலைக்கு ஈடு கொடுத்தா எப்படிக் கெடும்?

நீங்க படம் எடுக்கப்போறீங்கன்னா மூணு விஷயம் பண்ணுங்க. படம் எங்கெல்லாம் போகலாம், காசு வந்தா யாருக்குன்னு தமிழ்ல உக்காந்து பேசுங்க. வேலை இழப்பை முதல்லயே பட்ஜெட்ல போடுங்க. வெளியிடுறதுக்கு முன்னாடி அவங்க வீட்டுல வச்சே போட்டுக் காட்டுங்க. இந்தக் காட்சி எங்களுக்குச் சிக்கல் தரும்னு அவங்க சொன்னா, அதை எடுக்க இன்னும் நேரம் இருக்கும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.