உள்ளங்கையில் ஒரு கட்டி

முதுகிலோ கழுத்திலோ கட்டி தோன்றினால் "கொழுப்புக் கட்டி" என்று கூறி நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அதுவே உள்ளங்கையிலோ விரலிலோ எழுந்தால் கலங்குகிறோம். சுங்கை பூலோவில் 1930-இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பைப் பற்றிக் கேட்டு வளர்ந்த முதியோர் சிலருக்கு அந்த அச்சமும் சேர்ந்துகொள்ளும். உணர்ச்சியற்ற தேமலே தொழுநோயின் முக்கிய அடையாளம். அதுவும் இன்று மாத்திரைகளால் குணமாகும் நோயே.

நாம் கொழுப்பு என்று நினைக்கும் இக்கட்டிகளிற் பல கொழுப்பே அல்ல. மேல்தோல் உட்புறம் பைபோல் அமைந்து, நகத்திலும் மயிரிலும் உள்ள கெராட்டின் என்னும் பொருள் அதனுள் சேர்வதால் உண்டாகின்றவை. முகத்திலும் முதுகிலும் மயிர்க்கால் அடைபட்டு இவை தோன்றுவதால், நடுவே ஒரு கரும்புள்ளி பெரும்பாலும் தெரியும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மயிர்க்கால் கிடையாது. பின் அங்கே கட்டி வருவது எப்படி?

முள்ளோ கம்பியோ பால்வெட்டுக் கத்தியின் முனையோ குத்தும்போது, மேல்தோலின் சிறு துணுக்கு உள்ளே புதைந்துவிடுவதுண்டு. காயம் ஆறிவிடும். துணுக்கோ உயிரோடிருந்து, பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் கட்டியாகும். காது குத்திய இடத்திலும் இவ்வாறு நேரலாம். உள்ளங்காலில் வந்தால் அதனை ஆணி என்று எண்ணி ஏமாறுவோரும் உளர். ஆதலால், "இவ்விடத்தில் முன்பு கம்பி குத்தியது" என்று மருத்துவரிடம் நாமே கூறிவிடுவது நோயறியப் பேருதவியாகும்.

கைக்குழந்தையின் மூக்கின் நடுவே பிறவியிலேயே உள்ள கட்டி வேறு வகை. அது மண்டையோட்டின் உட்புறத்தோடு தொடர்புற்றிருக்கக்கூடும். படம் எடுத்துப் பாராமல் அதனைக் கீறவே கூடாது.

ஊசியாலோ கத்தியாலோ வீட்டிலேயே கீறிப் பிதுக்குவதுதான் பெருந்தீங்கு. சீழ் பிடித்து விரலின் தசைநாண் வரை பரவினால் விரல் மடங்காமற் போகலாம். பிறகு பால்வெட்டுக் கத்தியைப் பிடிப்பது எவ்வாறு? விரைந்து வளரும் கட்டி, அசையாத கட்டி, இரத்தம் கசியும் கட்டி ஆகியவற்றைக் காலந்தாழ்த்தாமல் காட்ட வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் இருப்பினும் கிள்ளான் தோட்டப்புறத்தில் இருப்பினும், முதலில் அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்திற்குச் செல்லலாம். தேவையெனில் அங்கிருந்து கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ கடிதம் தருவார்கள். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, கட்டியைப் பையோடு எடுப்பார்கள். பையில் சிறிது தங்கினாலும் கட்டி மீண்டும் வரும். எடுத்ததை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினால், அதன் முடிவைத் தவறாமல் கேட்டறிய வேண்டும். தையல் ஆறும் வரை மரம் வெட்டலாகாது; மருத்துவ விடுப்புச் சான்றிதழைப் பெற்று அன்றே கிராணியிடம் கொடுத்துவிடலாம்.