ஆறும் கடலும் பழகிய கொடுவா

எடப்பாடிப் பக்கம் ஆற்று மீன் என்றால் கட்லா, ரோகு, ஜிலேபி. கொடுவா ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் கடல் மீன். அப்படிச் சொல்வது பாதிதான் சரி.

கழிமுகத்தை ஒட்டிய உப்புத் தண்ணீரில்தான் கொடுவா முட்டையிடும். குஞ்சுகள் ஓதத்தோடு காயலுக்கு ஏறும். வழி கிடைத்தால் ஆற்று நன்னீரிலேயே சில ஆண்டுகள் வளரும். காவிரியில்தான் வழி இல்லை. முக்கொம்பில் 1836-இலேயே அணை, மேட்டூருக்குக் கீழே வரிசையாகக் கதவணைகள். கடலில் பிறந்த குஞ்சு எடப்பாடி அருகே உள்ள பூலாம்பட்டி வரை நீந்தி வருவது நடக்காத காரியம்.

இந்த மீன் முதலில் ஆண். சில ஆண்டுகள் கழித்துப் பெரும்பாலானவை பெண்ணாக மாறிவிடும். ஆகவே சந்தையில் எல்லோரும் ஆசைப்படும் பெரிய கொடுவா அநேகமாகத் தாய் மீன்தான். அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் தூண்டில்காரர்கள் கொண்டாடும் ஸ்நூக் மீனும் இப்படித்தான் மாறும். இரண்டையும் முன்பு ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள்.

கொடுவா துரத்திப் பிடிப்பதைவிடப் பதுங்கிப் பிடிப்பதில் கெட்டி. இரை அருகில் வந்ததும் வாயைப் படக்கென்று திறக்கும். தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். செவுள் மூடியின் விளிம்பு கையைக் கிழிக்கும் கூர்மை. தெரிந்தவர்கள் அங்கே விரல் வைக்க மாட்டார்கள்.

சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் இதைப் பண்ணையிலேயே முட்டையிட வைத்தது. தாய் மீனுக்கு ஹார்மோன் ஊசி போட்டதோடு வேலை முடியவில்லை. பெருந்தலைவலி குஞ்சுகள்தான். கொஞ்சம் முந்தி வளர்ந்தது, பிந்தியதை அப்படியே விழுங்கிவிடும். அதனால் சில நாளுக்கொரு முறை அளவு பார்த்துச் சலித்து, பெரிசையும் சிறிசையும் வேறு வேறு தொட்டியில் போடுகிறார்கள். அரைத்த மீனிலிருந்து மெல்ல மெல்லக் குருணைத் தீவனத்துக்கும் பழக்க வேண்டும்.

நன்னீர்க் குளத்தில் வளர்க்க நினைப்பவர்கள், உப்பைப் படிப்படியாகக் குறைத்துப் பழக்கிய குஞ்சுகளாகக் கேட்டு வாங்க வேண்டும். ஜிலேபி கட்டுக்கடங்காமல் பெருகிய குளத்தில் கொடுவாவுக்குத் தீனிப் பஞ்சமே இராது. புதிதாக ரோகுக் குஞ்சு விட்ட குளத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள்; போட்ட காசெல்லாம் அதன் வயிற்றுக்குள் போய்விடும்.