சனிக்கிழமை பரேடும் நம் கடைப் பிள்ளைகளும்

மளிகைக் கடை நடத்துவோர் வீடுகளில் ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் ஒரு பேச்சு எழும். பள்ளியிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ திரும்பிய பையன், "அப்பா, என்.சி.சி.யில் சேரப் போகிறேன், கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு படிவத்தை நீட்டுவான். அப்பா கேட்கும் முதல் கேள்வி, "பரேடு என்றைக்கு?" என்பதாகத்தான் இருக்கும். சனிக்கிழமை காலை, சில ஞாயிற்றுக்கிழமை என்று பதில் வந்ததும் பேச்சு அதோடு முடிந்துவிடும். வாரம் முழுவதும் இல்லாத வியாபாரம் அந்த இரண்டு நாளில்தான். சம்பளத்துக்கு ஆள் கிடைப்பதே பாடாக இருக்கும் காலத்தில், பொட்டலம் கட்டவும் கல்லாவில் உட்காரவும் வீட்டுப் பிள்ளையை நம்பி இருக்கும் சிறு வணிகரைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் மறுப்பதற்கு முன் அந்தப் பையன் எதில் சேர ஆசைப்படுகிறான் என்பதையாவது நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

எப்படி வந்தது இந்தப் படை?

வெள்ளையர் ஆட்சியிலேயே இதற்கு வித்து விழுந்துவிட்டது. முதல் உலகப் போரின்போது ராணுவத்துக்கு ஆள் போதாமல் 1917-இல் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ஒரு படையை அமைத்தார்கள். 1920-இல் அது பல்கலைக்கழகப் பயிற்சிப் படை என்று மாறியது. சுதந்திரம் வருவதற்குச் சற்று முன்பு, 1946-இல், பண்டிட் ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் அமைந்த குழு, நாடு முழுவதற்கும் பொதுவான மாணவர் படை வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன்படி 1948-இல் சட்டம் இயற்றப்பட்டு, ஜூலை 15-ஆம் நாள் தேசிய மாணவர் படை பிறந்தது. மறு ஆண்டே பெண்கள் பிரிவும், 1950-இல் விமானப் பிரிவும், 1952-இல் கடற்பிரிவும் வந்து சேர்ந்தன. படைக் கொடியில் உள்ள சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் ஆகிய மூன்று நிறங்களும் முப்படைகளையும் குறிப்பவை.

1962-இல் சீனப் போர் முடிந்த சூட்டில், 1963-இல் கல்லூரி மாணவர்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. அந்நாளில் கல்லூரியில் படித்த நமது மூத்த வணிகர்கள் சிலர், முழங்கால் வரை காலுறை இழுத்துவிட்டு வெயிலில் நின்ற கதையை இன்றும் சொல்வார்கள். 1968-இல் கட்டாயம் நீங்கியது. இன்று விரும்பியவர் மட்டும் சேரலாம். விரும்பிய எல்லாருக்கும் இடம் கிடைப்பதில்லை என்பதே நிலைமை.

பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார்களா?

வீட்டுப் பெண்களுக்கு உள்ள பயம் இது. கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரே பையனை எல்லைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஆச்சிமார் அழுத வீடுகளும் உண்டு. 1948-ஆம் ஆண்டுச் சட்டமே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. மாணவர் படையில் இருப்பதாலேயே யாரும் போர்ப்பணிக்குக் கடமைப்பட்டவர் ஆகமாட்டார். பயிற்சி முடிந்ததும் பையன் தாராளமாகக் கல்லாவுக்கு வரலாம். 1965, 1971 போர்களின்போது மாணவர் படையினர் சும்மா இருக்கவில்லை என்பதும் உண்மைதான். ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு உதவியாகவும், எதிரிகள் பாராசூட்டில் இறங்கினால் பிடிப்பதற்கான ரோந்திலும் இருந்தார்கள். அதெல்லாம் போர்முனைக்குப் பின்னால் நின்று செய்த வேலை.

ராணுவத்தில் சேரத்தான் ஆசை என்றால் அதற்கும் வழி உண்டு. 'சி' சான்றிதழை உரிய தரத்தில் பெற்ற பட்டதாரிகள், ஆணாயினும் பெண்ணாயினும், எழுத்துத் தேர்வு இல்லாமலே நேர்முகத் தேர்வுக்குப் போகலாம். அதில் தேறினால் நம் சென்னை பரங்கிமலையில் 1963 முதல் இயங்கிவரும் அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் சேரலாம். மளிகைக் கடைக்காரர் மகளும் தோளில் நட்சத்திரம் குத்திக்கொள்ள முடியும். சிலருக்கு இது மகிழ்ச்சி. "அப்போ கடை?" என்று கேட்பவருக்கு நம்மிடம் பதில் இல்லை.

வருகைப் பதிவில் தான் சூட்சுமம்

சேர்த்துவிட்டு, சரக்கு வரும் நாளெல்லாம் பையனை நிறுத்திக்கொள்ளும் தகப்பனார்கள் இருக்கிறார்கள். சேர்க்காமல் இருப்பதைவிட இது மோசம். பரேடுகளில் நூற்றுக்கு 75 வருகை இருந்தால்தான் சான்றிதழ்த் தேர்வு எழுத முடியும். அதோடு முகாமும் போயிருக்க வேண்டும். பள்ளியில் இரண்டு ஆண்டு முடித்தால் 'ஏ' சான்றிதழ். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு 'பி', மூன்றாம் ஆண்டு 'சி'. போலீஸ் வேலைத் தேர்வில் இந்தச் சான்றிதழுக்குத் தனி மதிப்பெண் உண்டு. ஆயுத பூஜை வியாபாரம், தீபாவளி வியாபாரம், பொங்கல் வியாபாரம் என்று ஒவ்வொன்றுக்கும் பையனை மடக்கிப்போட்டால் மூன்று வருட உழைப்பும் நாலைந்து சனிக்கிழமைகளில் போய்விடும். நவம்பர் மாதம் நாலாவது ஞாயிறு மாணவர் படை நாள். அன்று ரத்ததானமும் மரம் நடுதலுமாக இருக்கும். அந்த ஞாயிறையாவது விட்டுக்கொடுங்கள்.

2020 ஏப்ரல்: கடை வாசலில் நின்ற பிள்ளைகள்

இந்தப் படையினர் சமூகத்துக்கு என்ன செய்கிறார்கள் என்பதற்கு வணிகர்களாகிய நமக்கு வேறு சாட்சி தேவையில்லை. 2020 மார்ச் 25 முதல் நாடே அடைபட்டுக் கிடந்தது. மளிகைக் கடையும் மருந்துக் கடையும் மட்டும் திறந்திருந்தன. நாம் ஷட்டரைப் பாதி ஏற்றிவிட்டு, கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு, முண்டியடிக்கும் கூட்டத்துக்கு நடுவே சரக்குப் போட்ட நாட்கள் அவை. வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டோம், வட்டத்தில் யார் நின்றார்கள்? ரேஷன் கடைகளில் 1,000 ரூபாயும் இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் டோக்கன் முறையில் கொடுத்தபோது அங்கேயும் கூட்டம்தான்.

அந்த ஏப்ரலில்தான் 'யோக்தான்' என்ற பெயரில் மாணவர் படையினர் பணிக்கு இறக்கப்பட்டார்கள். யோக்தான் என்றால் இந்தியில் பங்களிப்பு என்று பொருள். விதிகளைக் கண்டிப்பாகவே வகுத்திருந்தார்கள். 18 வயது நிரம்பிய கல்லூரிப் பிரிவினர் மட்டும், அதிலும் தாமாக முன்வந்தவர்கள் மட்டும்தான் வரலாம். எட்டு எட்டுப் பேராக, பயிற்றுநரோ ஆசிரியர் அதிகாரியோ உடன் இருக்க வேண்டும். வரிசையையும் போக்குவரத்தையும் ஒழுங்குபடுத்துவது, உணவும் மருந்தும் அத்தியாவசியப் பொருள்களும் வழங்க உதவுவது, தொலைபேசி உதவி மையத்தில் அமர்வது ஆகியவையே அவர்களுடைய வேலை. தமிழ்நாட்டிலும் ரேஷன் கடை, சந்தை என்று காக்கிச் சட்டையில் நின்ற இந்தப் பிள்ளைகளைப் பார்த்தோம். "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று நூறு முறை சொன்னாலும் அவர்கள் குரல் உயரவில்லை. வீட்டில் தண்ணீர் டம்ளரை எடுத்து வைக்காத பையன், கிழவி ஒருத்தியின் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போவதைக் கண்டவர்கள் நம்மில் உண்டு.

அந்த விதிகளில் இன்னொன்றும் இருந்தது. சட்டம் ஒழுங்குப் பணிக்கு மாணவர்களைப் பயன்படுத்தக் கூடாது, நோய் மிகுந்த இடங்களுக்கும் அனுப்பக் கூடாது என்பதே அது. அதன் அருமை நமக்குத்தான் தெரியும். அதே 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில், கடை மூடும் நேரத்தைக் காரணம் காட்டிப் பிடித்துச் செல்லப்பட்ட நம் வணிகர்கள் இருவர், தந்தையும் மகனும், காவலில் வைக்கப்பட்ட பின் அடுத்தடுத்து இறந்தார்கள். கடை வாசலுக்குக் காக்கி வரும்போது அது லத்தியோடு வருகிறதா, கைகொடுக்க வருகிறதா என்பது நமக்குச் சின்ன விஷயம் அல்ல. மாணவர் படையின் காக்கியை இரண்டாவது வகையிலேயே வைத்திருந்த அந்த விதியை எழுதியவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு மே 5, வணிகர் தினத்தன்றுதான் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. நினைவிருக்கும்.

கடற்கரையில் கிடைத்தது நம் கேரி பேக்

2021 டிசம்பரில் 'புனீத் சாகர்' என்ற துப்புரவு இயக்கத்தை மாணவர் படை தொடங்கியது. முதலில் கடற்கரைகளில் பிளாஸ்டிக் பொறுக்கினார்கள், பிறகு ஆறு, ஏரி என்று விரித்தார்கள். நீண்ட கடற்கரை உள்ள நம் மாநிலத்துக்கு இதில் பெரிய பங்கு. அவர்கள் சாக்கில் சேர்ப்பதில் ஷாம்பு பாக்கெட், எண்ணெய் கவர், கேரி பேக் என்று எல்லாம் நம் கடைகள் வழியாகப் போனவையே. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தயாரிக்கும் இடத்தை விட்டுவிட்டுச் சில்லறைக் கடையில் வந்து அபராதம் போடுகிறார்கள் என்ற நமது மனக்குறை நியாயமானதுதான். இருந்தாலும் கல்லாவுக்கு அடியில் ஒரு கட்டு கேரி பேக் மறைத்து வைத்திருக்கும் கடைக்காரரின் பிள்ளையே அதைக் கடலோரத்தில் குனிந்து பொறுக்குகிறான் என்றால், இரவு சாப்பாட்டில் அவன் கேட்கும் கேள்விக்கு அப்பா பதில் வைத்திருக்க வேண்டும்.

கடைக்கு என்ன லாபம்?

வணிகர் பத்திரிகையில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட முடியாது. டிரில், .22 ரைபிள் சுடுதல், வரைபடம் படித்தல் எல்லாம் புளி நிறுப்பதற்கு உதவாது. ஆனால் முதலுதவியும் தீயணைப்பும் கற்றுத் தருகிறார்களே! நம் கடைகளில் எண்ணெய் டின், சாக்கு, அட்டைப்பெட்டி, சூடம், தீப்பெட்டி எல்லாம் ஒரே பரணில். தீப்பிடித்தால் எந்தத் தீக்குத் தண்ணீர் ஊற்றலாம், எதற்கு மணல் போட வேண்டும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் அது பரவும் என்பதைப் பையன் முகாமில் கற்றுவந்து சொல்லட்டும்.

பெல்ட், தொப்பி, பூட்ஸ் என்று கையெழுத்துப் போட்டு வாங்கியதைக் கணக்குப்படி திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இன்னொன்று. ஸ்டாக் புத்தகத்தோடு ஒருமுறை போராடியவர்களுக்கு இது புரியும். பத்து நாள் முகாமில் முன்பின் தெரியாத ஊர்ப் பையன்களோடு ஒரே கூடத்தில் படுத்து, தட்டைத் தானே கழுவி, விடியுமுன் எழுந்து வந்தவன், கடைப்பையனை "டேய்" என்று கூப்பிடும் தொனியே சற்று மாறிவிடுகிறது. மகள்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சேர ஆசைப்படும் பெண் பிள்ளைகளை வெயில், கறுத்துவிடுவாய் என்று சொல்லித் தடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் எல்லை, கடலோர மாவட்டங்களுக்கென அறிவித்த ஒரு லட்சம் இடங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கே என்றார்கள். கடலோர மாவட்டத்து வணிகர்கள் கவனிக்க.

சங்கங்களுக்கு ஒரு வார்த்தை

சங்க மாநாடு வந்தால், உள்ளூர்ப் பள்ளியில் சொல்லி இருபது கேடட்டுகளை வரவழைத்து, வாசலில் விருந்தினருக்குச் சல்யூட் அடிக்கவும் பன்னீர் தெளிக்கவும் நிறுத்தும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. நமக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் போட்டிருப்பது நாட்டின் சீருடை. அமைச்சர் வருகைக்கு இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்து, கடைசியில் ஒரு ரஸ்னா கொடுத்து அனுப்புவது மரியாதை ஆகாது. ரத்ததான முகாம், கண் பரிசோதனை முகாம், திருவிழா நாளில் கடைவீதிப் போக்குவரத்து என்று உண்மையான வேலை இருந்தால் பள்ளிக்கு முறைப்படி கடிதம் கொடுத்துக் கேளுங்கள். அங்கே ஆசிரியராக இருக்கும் அதிகாரி காம்ப்டியிலோ குவாலியரிலோ பயிற்சி பெற்று வந்தவர். எது பொருத்தமான வேலை என்று அவருக்குத் தெரியும்.

முகாமுக்குச் சரக்குப் போடும் வியாபாரிகளுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு முகாமுக்கு 500 பேர் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்றாலும் 200 கிலோ. பத்து நாளுக்கு 2 டன், அதாவது 25 கிலோ சிப்பமாக 80 சிப்பம். (2022 ஜூலைக்குப் பிறகு, வரிக்காக 26 கிலோ சிப்பம் வந்தது வேறு கதை.) பருப்பு, எண்ணெய், காய்கறி, பால், விறகோ சிலிண்டரோ தனி. சிறிய ஊருக்கு இது நல்ல வியாபாரம். ஆனால் ஒரு முகாமுக்குப் பருப்பும் புளியும் கொடுத்துவிட்டு, பில் பணத்துக்கு மூன்று மாதம் நடந்த அனுபவம் இதை எழுதுபவனுக்கே உண்டு. வாய்வார்த்தையில் சரக்கு இறக்காதீர்கள். எழுத்தில் ஆர்டர் வாங்குங்கள். ஒவ்வொரு வண்டிச் சரக்குக்கும் முகாமில் பண்டகப் பொறுப்பாளரிடம் தேதியும் எடையும் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். முகாம் கலையும் முன்பே மொத்தப் பில்லைக் கொடுத்துவிடுங்கள், அதிகாரிகள் தத்தம் ஊருக்குப் போன பின் ஆளைத் தேட முடியாது. பிள்ளைகள் சாப்பிடும் சோறு என்பதால் விலையில் இரண்டு ரூபாய் குறைத்தால் புண்ணியம். அரிசியில் கல் இருக்கக் கூடாது.

எந்தப் பள்ளியில் படைப்பிரிவு உண்டு, எத்தனை இடம் என்பதைத் தலைமையாசிரியரிடமே கேட்டுக்கொள்ளலாம். மாநில இயக்குநரகம் சென்னையில் உள்ளது. அதன் கீழ்க் கோவை, மதுரை, திருச்சி, புதுச்சேரியிலும் குரூப் தலைமையகங்கள் இயங்குகின்றன. இடங்கள் குறைவு, கல்வியாண்டு தொடங்கிய சில வாரங்களிலேயே நிரம்பிவிடும்.