வயறிங் வேலைக்குப் போகும் பிள்ளைகளும் கண்ணுக்குத் தெரியாத நஞ்சும்

காணியை இழந்த கமக்காரக் குடும்பத்திற்கு எஞ்சியிருக்கும் முதல், உழைக்கும் உடல் ஒன்றுதான். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களில் ஒரு பகுதியினர் இன்னமும் சொந்த நிலத்திற்குத் திரும்பவில்லை. திரும்பியவர்களிலும் பலருக்குத் தோட்டச் செய்கை மட்டும் வயிறு நிரப்பப் போதவில்லை. ஆகவே பிள்ளைகள் கூலி வேலை தேடுகிறார்கள். மேசனுக்குக் கையாளாகப் போகிறவர்களும் உண்டு, மின் ஒப்பந்தகாரர்களோடு வயறிங் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு.

காலையில் பிள்ளை புறப்படும்போது, "தம்பி, கரண்டோட கவனம்" என்று தாய் சொல்லி அனுப்புகிறாள். அது தேவையான எச்சரிக்கையே. ஆனால் அந்த வேலையில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. மின்சாரம் தாக்கினால் அந்தக் கணமே தெரிந்துவிடும். மூச்சோடு போகும் தூசும், கையில் ஒட்டும் ஈயமும், தோலில் ஊறும் எண்ணெயும் அப்படித் தெரிவதில்லை. பல வருடங்களின் பின்னர் நோய் வரும்போது, அது எந்த வேலையால் வந்தது என்று சொல்ல ஆளிருக்காது. இந்த ஆபத்தை முன்கூட்டியே எடைபோடுவதும் குறைப்பதும் எப்படி என்பதையே இக்கட்டுரை கூறுகிறது.

கமக்காரருக்குத் தெரிந்த பாடம்

எமது மக்களுக்கு நஞ்சு புதிதல்ல. மூடிய போத்தலில் அலுமாரியில் இருக்கும் பூச்சிமருந்தும், காற்றுக்கு எதிரே நின்று வெறும் மேலோடு விசிறும் பூச்சிமருந்தும் ஒரே மருந்துதான். ஆனால் இரண்டிலும் ஆபத்தின் அளவு ஒன்றல்ல. பொருள் எவ்வளவு கொடியது, எவ்வளவு உடலுக்குள் போகிறது, எத்தனை நாள் போகிறது, எந்த வழியாகப் போகிறது என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தே ஆபத்தை அளக்க வேண்டும். வழிகள் மூன்று: மூச்சு, தோல், வாய். கழுவாத கையால் சோற்றுப் பார்சலை அவிழ்ப்பதும், பீடி பற்றவைப்பதும் வாய்வழியில் சேரும்.

நஞ்சு எங்கே இருக்கிறது?

முதலாவது, கூரைச் சீற். எமது நாட்டில் அஸ்பெஸ்ரஸ் சீற் இன்றும் சாதாரணமாகப் பாவிக்கப்படுகிறது. 2018 ஜனவரியிலிருந்து அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசாங்கம் முடிவு செய்திருந்தது. உலகில் மிக அதிகமாக அஸ்பெஸ்ரஸ் தோண்டும் நாடாகிய ரஷ்யா, 2017 டிசெம்பரில் இலங்கைத் தேயிலையை வாங்குவதை நிறுத்தியது. அதையடுத்து அந்த முடிவு கிடப்பில் போடப்பட்டது. முழுதாக இருக்கும் சீற்றின் கீழே குடியிருப்பதால் வரும் ஆபத்து சிறிது. அதைத் துளைக்கும்போதும், அறுக்கும்போதும், உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் பறக்கின்றன. அவை நெஞ்சறைக்குள் தங்கிவிடும். புற்றுநோயோ நுரையீரல் இறுக்கமோ வெளிப்பட 20 முதல் 40 வருடங்கள் செல்லலாம். புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்து பன்மடங்காகும்.

இரண்டாவது, சுவரில் குழாய் பதிக்கக் காடி வெட்டும்போது எழும் தூசு. மணலிலும் சிமெந்துக் கல்லிலும் செங்கல்லிலும் சிலிக்கா உண்டு. அதன் நுண்ணிய தூசு நுரையீரலில் ஆறாத தழும்பை உண்டாக்கும்.

மூன்றாவது, பற்றரி. 1990 இன் பின்னர் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த வருடங்களில் பற்றரியை வீட்டுக்குள் வைத்தே வாழ்ந்தோம். அந்தப் பழக்கத்தால் அதற்குப் பயப்பட மறந்துவிட்டோம். அதில் ஈயமும் கந்தக அமிலமும் உள்ளன. சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வெளிவரும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் அது வெடிக்கும்.

நான்காவது, பழைய மின்மாற்றி எண்ணெய். முற்காலத்து மின்மாற்றிகள் சிலவற்றின் எண்ணெயில் பி.சி.பி. எனும் இரசாயனம் கலந்திருக்கிறது. அது உடற்கொழுப்பில் சேர்ந்து நெடுங்காலம் தங்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். நிறத்தாலோ மணத்தாலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. இவ்வாறான இரசாயனங்களை ஒழிக்கும் 2001 ஆம் ஆண்டின் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையை இலங்கை 2005 இல் ஏற்றுக்கொண்டது. பி.சி.பி. உள்ள கருவிகளின் பாவனையை நிறுத்த 2025 ஆம் ஆண்டும், அவற்றைப் பாதுகாப்பாக அழிக்க 2028 ஆம் ஆண்டும் அதில் எல்லைகளாகக் குறிக்கப்பட்டன. ஆனால் பழைய எண்ணெய் வெல்டிங் கடைகளுக்கும் கைமாறுகிறது.

ஐந்தாவது, வயர் எரித்தல். செம்பை எடுப்பதற்காகப் பிளாஸ்ரிக் உறையைக் கொளுத்தும்போது, மூச்சுக்குழாயை அரிக்கும் அமிலப் புகையும் டயொக்சின் எனும் கொடிய நஞ்சும் உண்டாகின்றன. பழைய வயர் உறைகளில் ஈயமும் உண்டு.

வேலைக்கு முன் ஐந்து கேள்விகள்

இடத்தைச் சுற்றிப் பார்த்து, கருவியைக் கையில் எடுக்க முன்னரே இவற்றைக் கேட்க வேண்டும்:

1. இங்கே எந்தப் பொருளைத் துளைக்க, வெட்ட, ஊற்ற, எரிக்கப் போகிறோம்?
2. அது எந்த வழியாக உடலுக்குள் போகும்?
3. எவ்வளவு நேரம், எத்தனை நாள்? மூடிய அறையிலா, திறந்த வெளியிலா?
4. வேலை செய்பவரைத் தவிர வேறு யார் அருகில் இருக்கிறார்கள்? குழந்தை, கர்ப்பிணி, முதியோர் உண்டா?
5. இந்தப் பொருளைத் தொடாமலே வேலையை முடிக்க வழி உண்டா?

ஐந்தாவது கேள்வியே முக்கியமானது. பெரும்பாலும் கேட்கப்படாததும் அதுதான்.

முகமூடி கடைசிப் படி

ஆபத்தைக் குறைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அதை அகற்றப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் தீங்கு குறைந்த ஒன்றை மாற்றாக எடுக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் தூசும் புகையும் எழாதபடி வேலைமுறையை மாற்ற வேண்டும். பின்னர் ஆட்களையும் நேரத்தையும் குறைக்க வேண்டும். இவ்வளவுக்கும் பின்னரே முகமூடியும் கையுறையும். எமது அனுபவமும் இதையே காட்டுகிறது. இலங்கையில் மிகக் கொடிய பூச்சிமருந்துகள் 1995 இலும், எண்டோசல்பான் 1998 இலும் தடைசெய்யப்பட்டன. அதன் பின்னர் நஞ்சருந்தி இறந்தவர்களின் தொகை பெருமளவு குறைந்தது. அதற்கு முன்னரும் அறிவுரை இருந்தது. பொருளையே அகற்றியதுதான் பெரிய பயனைத் தந்தது.

உதாரணமாக, அஸ்பெஸ்ரஸ் கூரை போட்ட பழைய வீடொன்றில் வயறிங் செய்ய வேண்டியிருக்கிறது என்று வைப்போம். சீற்றைத் துளைத்து வயரைக் கொண்டுவர ஒப்பந்தகாரர் சொல்கிறார். சுவரோடு அல்லது மரச்சலாகையோடு குழாயைக் கொண்டுபோனால் துளையே வேண்டாம். வயர் சில முழம் கூடச் செல்லும், அவ்வளவுதான். துளைத்தே ஆகவேண்டுமென்றால் வீட்டாரை வெளியே அனுப்பி, துளை விழும் இடத்தில் இரு பக்கமும் கெட்டியான நுரையோ பசையோ பூசி, கைத் துளைகருவியால் மெதுவாகத் துளைக்க வேண்டும். ஈரமுள்ள இடத்தில் மின்வயர் பூட்டிய துளைகருவி கூடாது. விளக்குமாற்றால் கூட்டவும் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, துணியையும் துண்டுகளையும் இரட்டைப் பையில் கட்ட வேண்டும். லேஞ்சியை முகத்தில் கட்டுவதால் நார்கள் தடைப்படுவதில்லை. நார்த்தூசுக்கெனத் தரம் குறிக்கப்பட்ட எப்.எப்.பி.3 முகமூடி தேவை. தாடி இருந்தால் அதுவும் முகத்தோடு சரியாகப் படியாது.

சுவர் வேலையில், பூச்சுப் பூச முன்னரே குழாய்க்கு இடம் விடும்படி மேசனோடு பேசிக்கொண்டால் வெட்டும் வேலை வெகுவாகக் குறையும். வெட்டத்தான் வேண்டுமென்றால், சுவரை நனைத்து உளியாலும் சுத்தியலாலும் வெட்டுங்கள். பற்றரியைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அமிலம் கலக்க நேர்ந்தால் தண்ணீருக்குள் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அமிலத்துக்குள் தண்ணீர் ஊற்றினால் அது கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். வயரின் உறையைக் கத்தியால் சீவி எடுங்கள், எரிக்க வேண்டாம்.

பழைய எண்ணெயை நிலத்தில் ஊற்றவே கூடாது. குடாநாட்டின் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது கிணற்றுக்குப் போய்ச் சேர நாளாகாது. சுன்னாகம் மின்நிலையப் பகுதியில் நிலத்தடி நீர் எண்ணெயால் மாசடைந்தது தொடர்பான வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு வழங்கக் கட்டளையிட்டது. நட்டஈடு கிடைக்கும், ஆனால் பழைய கிணற்றுநீர் அத்தனை எளிதாகத் திரும்பக் கிடைக்காது.

வீட்டுக்கு வரும் தூசு

வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்கும் தகப்பன், தன் தூசைப் பிள்ளைக்கும் கொடுக்கிறான். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவுக்குக் கீழே இருந்தால் தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் ஈயத்துக்கு இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆகவே வேலை முடிந்ததும் கையையும் முகத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுப்பை மாற்றி, வேலை உடுப்பைத் தனியான பையில் கொண்டுவர வேண்டும். உதறாமல் நனைத்துத் தனியே தோய்க்க வேண்டும். அதைத் தோய்க்கும் தாயும் மனைவியும் இந்த ஆபத்துக்கு உட்பட்டவர்களே.

ஒரு கொப்பி வைத்திருங்கள்

கையாளாகப் போகும் பிள்ளைக்குப் பேரம் பேசும் பலம் இல்லை. மறுத்தால் நாளைக்கு வேலை இல்லை என்ற பயம் உண்மையானது. ஆனால் ஆபத்தைக் குறைக்கும் முதற்கடமை வேலை கொடுப்பவருக்கே உரியது. புது வீடு கட்டுபவன், யாரும் தவறி விழாதபடி கூரையைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது. விழுந்தவன் கவனமாக நடந்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. வீட்டுக்காரனையே பொறுப்பாளி ஆக்குகிறது.

1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ், வேலையால் வரும் சில நோய்களுக்கும் நட்டஈடு கோரலாம். ஆனால் இருபது வருடத்தின் பின்னர், எங்கே யாரிடம் என்ன வேலை செய்தேன் என்று காட்ட எழுத்து வேண்டும். எனவே ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கொப்பி வைத்து, திகதி, இடம், ஒப்பந்தகாரர் பெயர், கையாண்ட பொருள், செய்த வேலை என்பவற்றைக் குறித்துவரட்டும். இருமலோ மூச்சுத்திணறலோ வந்து வைத்தியசாலைக்குப் போனால் அந்தக் கொப்பியையும் கொண்டுபோகட்டும். டொக்டருக்கும் அது உதவும்.

கிராமச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்திற்கு வயறிங் வேலைக்குப் போகும் இளைஞர்களை அழையுங்கள். மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் வாசித்து, கடந்த வாரம் செய்த வேலையை வைத்து ஒவ்வொருவரும் பதில் சொல்லட்டும். தனியொருவர் கேட்கத் தயங்கும் முகமூடியையும் கழுவத் தண்ணீரையும் சங்கமாகச் சேர்ந்து ஒப்பந்தகாரரிடம் கேளுங்கள்.