சித்திரத்தில் பிறந்த சாச்சா

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் நகையையே முதலில் வைத்தார். அழுகைக்கு அவர் கொடுத்தது இரண்டாமிடம். ஆயினும் நம் பள்ளிக்கூடங்களிலே நகைக்குக் கிடைத்திருப்பது கடைசி வாங்குதான். வகுப்பில் ஒரு பிள்ளை சிரித்துவிட்டால், "என்ன சிரிப்பு?" என்று அதட்டுவதே ஆசிரியத் தொழிலின் அரிச்சுவடி என்று எண்ணியிருந்தவர்களுள் நானும் ஒருவன். அந்த எண்ணத்தை என்னிடமிருந்து பறித்தவர் ஓர் ஓவியர். பிராண் குமார் சர்மா என்பது அவர் பெயர். பிராண் என்றால் இந்தியாவில் மூன்று தலைமுறைக் குழந்தைகளுக்குத் தெரியும்.

கதையை அக்குறணையிலிருந்துதான் தொடங்கவேண்டும். 1980களின் பிற்பகுதியில், மாத்தளை வீதியை அடுத்த ஒரு வித்தியாலயத்தில் நான் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிங்கா ஓயா கலங்கிப் பெருகி ஓடிய ஒரு மழை நாள். கரும்பலகையில் வேற்றுமைத்தொகை நடந்துகொண்டிருக்க, கடைசி வாங்கில் ஒரு மாணவன் குனிந்தபடி தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். இலக்கணப் புத்தகத்தின் நடுவே ஒரு சித்திரக்கதை. அவனுடைய உறவினர் ஒருவர் வியாபார நிமித்தம் பம்பாய் சென்றபோது வாங்கி வந்த ஆங்கிலப் பதிப்பு அது. அட்டையிலே சிவப்புத் தலைப்பாகையும் வெள்ளை மீசையும் கைத்தடியுமாக ஒரு கிழவர்; அவருக்குப் பின்னால் மலைபோல் ஒரு பூதாகாரமான மனிதன்.

"யார் இது?" என்றேன்.

"சாச்சா, சேர்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. இவ்வூர் வீடுகளிலே வாப்பாவின் தம்பியைச் சாச்சா என்றுதானே அழைக்கிறார்கள்! பையன் என்னைக் கேலி செய்கிறான் என்று கருதிப் புத்தகத்தைப் பறித்து அலுமாரியில் பூட்டினேன். மாலையில் அவன் கதவருகே வந்து நின்றான்.

"சேர், அதில கெட்டது ஒண்டும் இல்ல. நீங்களும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்க."

"பரீட்சை முடியட்டும், தருகிறேன்" என்றேன்.

பரீட்சைக்கு அவன் வரவில்லை. குடும்பத்தின் கஷ்டம் அவனைக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடைக்கு அனுப்பிவிட்டது. புத்தகம் என்னிடமே தங்கிவிட்டது. 2014 ஆகஸ்டில் பிராண் காலமான செய்தியைப் பத்திரிகையில் கண்ட பிறகுதான், ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, அதைத் தூசு தட்டி எடுத்து வாசித்தேன். பெயரைக் கேட்டபோது பையன் பொய் சொல்லவில்லை என்பதை அப்போதே அறிந்தேன். இந்தி மொழியிலும் சாச்சா என்றால் சிறிய தந்தைதான்! கதாநாயகரின் பெயரே சாச்சா சௌத்ரி.

பிராண் 1938 ஆகஸ்ட் 15இல் லாகூருக்கு அருகேயுள்ள கசூர் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய ஒன்பதாவது பிறந்தநாளன்று இந்தியா சுதந்திரம் பெற்றது. அதே வேளையில் தேசம் இரண்டாயிற்று. பிறந்த ஊர் அந்நிய நாடாயிற்று. குடும்பம் குவாலியருக்குக் குடிபெயர்ந்தது. பின்னாளில் அவர் டில்லியில் அரசியல் விஞ்ஞானத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். படித்ததோ அரசியல்; பிடித்ததோ தூரிகை. 1960இல் டில்லியின் 'மிலாப்' பத்திரிகையில் 'டாபு' என்ற சிறுவனை வைத்துச் சித்திரத் தொடர் வரையலானார்.

அக்காலத்தில் இந்தியப் பத்திரிகைகளின் சித்திரக்கதைப் பகுதியை ஆண்டவர்கள் கடல் கடந்து வந்த வீரர்களே. 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் முகமூடி வேதாளரை நாடெங்கும் கொண்டு சென்றது. தமிழிலும் எழுபதுகளின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து புறப்பட்ட முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவி என்னும் ஆங்கிலேய வீரனைத்தான் நமக்கு அறிமுகம் செய்தது. இவர்களிடையே நம் தெருவில் நடமாடும் ஒரு மனிதன் கதாநாயகனாகக்கூடாதா என்று பிராண் எண்ணினார். 1971இல் 'லோட்போட்' என்ற இந்திச் சிறுவர் சஞ்சிகையில் சாச்சா சௌத்ரி பிறந்தார்.

எத்தகைய நாயகர்! பறக்கத் தெரியாது, சுவரைத் துளைக்கத் தெரியாது, இளமையும் இல்லை. கையில் ஒரு தடி, தலைக்குள் ஒரு மூளை. கணினி என்ற பெயரையே பெரும்பாலோர் கேட்டிராத காலத்தில், அதனினும் வேகமானது அவர் மூளை என்று வரைந்து வைத்தார் பிராண். உடல் வலிமைக்கென்று வியாழக் கிரகத்திலிருந்து சாபு என்ற இராட்சதனை அழைத்து வந்தார். சாபுவுக்குக் கோபம் வந்தால் எங்கோ வியாழனில் ஓர் எரிமலை வெடிக்கும். அத்தகையவன் பூமியிலேயே தங்கிவிட்டதற்குக் காரணம் யாது? சாச்சாவின் மனைவி பீனி சுட்ட பராத்தாவின் ருசி! வேளைக்கு 108 சப்பாத்திகளை உண்ணும் அவனுக்குச் சுட்டுச் சுட்டு அந்த அம்மையார் படும் பாடு ஒரு தனிக் காவியம்.

நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைத் தொல்காப்பியர் கூறுகிறார். மாணவருக்கு இதை நான் எத்தனையோ முறை ஒப்புவித்திருக்கிறேன். உதாரணம் கேட்டால்தான் தடுமாறுவேன். பிராணின் உலகத்தில் நான்கும் கைகோத்து நிற்கின்றன. பீனியின் வாய்த்துடுக்கு எள்ளல். கண்ணை மறைக்கும் முடியுடன் திரியும் பில்லு என்ற பையனும், அண்டை வீட்டாரை ஆட்டிவைக்கும் பிங்கி என்ற சிறுமியும் இளமை. கேட்டதையெல்லாம் நம்பிவிடும் சாபுவின் வெள்ளையுள்ளம் பேதைமை. சாகா மருந்தைக் குடித்துவிட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு கிழவரிடம் தோற்கும் ராக்கா என்ற கொள்ளைக்காரனிடம் மடனைக் காணலாம். பள்ளியில் நான் பறித்து வைத்தது, நான் படிப்பித்த பாடத்தின் உதாரணத்தையே!

இத்தகைய மனம் ஒரு தேசத்துக்கு மட்டும் உரியதன்று. 1933இல் ஜப்பானின் தகஓகா நகரில் பிறந்த புஜிமோட்டோ ஹிரோஷி, இளமைத் தோழர் அபிகோவுடன் சேர்ந்து புஜிகோ புஜியோ என்ற ஒரே புனைபெயரில் வரைந்து வந்தார். அவர் படைத்த 'டோராஎமோன்' 1970 ஜனவரி இதழ்களில் தொடங்கியது. சாச்சா பிறப்பதற்கு ஓராண்டு முன்பு. அங்கும் நாயகன் வீரனல்லன். நோபிதா என்ற சிறுவன் பரீட்சையில் பூச்சியம் வாங்குபவன், அழுபவன். 22ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த இயந்திரப் பூனை தன் வயிற்றுப் பையிலிருந்து விந்தைப் பொருள்களை எடுத்துக் கொடுத்தும், அவன் அவற்றைத் தவறாகப் பயன்படுத்தி அகப்பட்டுக்கொள்கிறான். ஜப்பானியர் கருவியை நம்பி ஏமாறும் பிள்ளையைக் காட்டினார். இந்தியர் கருவியின்றி வெல்லும் கிழவரைக் காட்டினார். ஒருவர் போரைக் கண்ட பிள்ளை. மற்றவர் பிரிவினையைக் கண்ட பிள்ளை. இருவரும் குழந்தைகளுக்குக் கொடுத்தது வன்மத்தையன்று, சிரிப்பை.

பிராணின் சித்திரங்கள் டயமண்ட் காமிக்ஸ் வாயிலாகப் பல மொழிகளில் பரவின. 1983இல் தேச ஒற்றுமையைப் பொருளாகக் கொண்ட அவரது 'ராமன்' நூலைப் பிரதமர் இந்திரா காந்தி வெளியிட்டார். ஊரை இழந்து வந்த சிறுவன் ஒற்றுமைக்காகக் கோடு வரைந்தான் என்பது எனக்கு அந்த வெளியீட்டு விழாவினும் பெரிதாகப் படுகிறது. பத்மஸ்ரீ விருது 2015இல் வந்தது. அதைப் பெற்றுக்கொள்ள அவர் இருக்கவில்லை.

நம்மவருள்ளும் கோட்டினால் சிரிக்க வைத்தவர் உண்டு. 'சிரித்திரன்' சுந்தரின் சவாரித்தம்பரை மறந்தவர் யார்? ஆயினும் அவரை இலக்கிய வரலாற்றில் சேர்ப்பதா என்று நாம் இன்னும் யோசிக்கிறோம். பிள்ளைகளோ யோசிப்பதில்லை, வாசிக்கிறார்கள்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்த மாணவனைத் தேடிப் போனேன். மிளகும் கிராம்பும் மணக்கும் கடையொன்றின் முதலாளியாக, நரை தட்டிய தாடியுடன் இருந்தான். அட்டையைக் கண்டதும் பழைய பையனாகிவிட்டான்.

"சாச்சா! சேர், நீங்க வாசிச்சீங்களா?"

"வாசித்தேன். பிந்திப்போய் வாசித்தேன்" என்றேன்.

அவன் என்னைக் குறை சொல்லவில்லை. கல்லாவுக்கு அருகே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த தன் மகளிடம் அதை நீட்டினான். அவள் புரட்டினாள், சாபுவின் சப்பாத்திக் குவியலைக் கண்டு கலகலவென்று சிரித்தாள். வீட்டுப்பாடம் அப்படியே கிடந்தது. "என்ன சிரிப்பு?" என்று கேட்க எனக்கு நா எழவில்லை.